ஆபரேஷனுக்குப் பிறகும் தீராத முதுகு வலி: ‘பேட்டரி வைக்கலாமா’ என்று கேட்பவர்களுக்கு

(சங்கத்தின் நலவாழ்வுச் சந்திப்பில், நம் வளாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற மயக்கவியல் மற்றும் வலி சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டு, அவர் பார்த்துத் திருத்தித் தந்தது.)

செயலாளர் சார் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். எட்டு மணிக்கு மேட்ச் இருக்கிறது, அதற்குள் விட்டுவிடுங்கள் அங்கிள் என்று பின்வரிசை இளைஞர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பார்க்கலாம்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கடந்த ஆறு மாதத்தில் நம் வளாகத்தில் மூன்று குடும்பத்தினர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் லிஃப்டில், ஒருவர் மொட்டைமாடியில், இன்னொருவர் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில். “டாக்டர், முதுகில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆச்சு. வலி போகவில்லை. இப்போது முதுகுத்தண்டில் ஏதோ பேட்டரி வைக்கலாம் என்கிறார்கள். பல லட்சம் ஆகுமாம். வைக்கலாமா?” தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடி போவதற்குள் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அது பொறுப்பான பதிலாக இருக்காது. அதனால்தான் கூடத்தில் பேசலாம் என்றேன்.

முதலில் பெயர். உங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் எஃப்.பி.எஸ்.எஸ். என்று நான்கு எழுத்து இருக்கலாம். ‘ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்’ என்பதன் சுருக்கம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பெயர். படித்தவுடன் நோயாளி, ‘ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது’ என்று நினைக்கிறார். அறுவை நிபுணர், ‘என்னைக் குறை சொல்கிறார்கள்’ என்று நினைக்கிறார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுவிடுகிறது. இப்போது ‘பெர்சிஸ்டென்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம், டைப் 2’ என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகும் தொடரும் வலி, அவ்வளவுதான் பொருள். யார் மேலும் பழி இல்லை.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வலி நீடிப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், என்ன அறுவை, எதற்காக, எத்தனையாவது தடவை என்பதைப் பொறுத்து மாறும். முதல் தடவை டிஸ்க் துண்டை எடுத்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகப் பலன் குறைகிறது.

ஏன் வலி தங்குகிறது? பல காரணம். அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்கலாம். ராடு, ஸ்க்ரூ போட்டு இறுக்கிய எலும்புக்கு மேலோ கீழோ உள்ள மூட்டு, அதன் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்து தேயலாம். காயம் ஆறும்போது நரம்பைச் சுற்றித் தழும்பு கட்டலாம். சில பேருக்கு வலி முதுகிலிருந்து வந்ததே இல்லை, இடுப்பு மூட்டிலிருந்து வந்திருக்கும். என்னிடம் ஓர் அம்மா வந்தார். தையல் வேலை செய்பவர். இந்தக் கருவிக்காகவே அனுப்பப்பட்டவர். கட்டிலில் படுக்க வைத்துக் காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினேன், துள்ளிவிட்டார். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டு தேய்ந்து போயிருந்தது. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டு இப்போது நடக்கிறார். அவருக்குத் தண்டுவடத்தில் எதையும் வைத்திருந்தால் வீண்.

அதனால் ‘பேட்டரி வைக்கலாமா’ என்ற கேள்விக்கு முன்னால், ‘வலி எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்வி இருக்கிறது. புதிய எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது, கை வைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகப் பேச வந்த வகைக்கு வருகிறேன். போன ஐப்பசி மழையில் சி பிளாக் ஃபயர் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். வாட்ச்மேன் மாடி மாடியாக ஓடினார். தீ எங்கேயும் இல்லை. வயரில் ஈரம். தீ இல்லை என்பதால் சத்தம் பொய்யா? நம் தூக்கம் போனது நிஜம்தானே! நரம்பு வலி இப்படித்தான். டிஸ்க் நசுக்கிய காலத்தில் நரம்பு அடிபட்டுவிட்டது. நசுக்கிய துண்டை எடுத்தாயிற்று, ஸ்கேனில் இடம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நரம்பு தானாகவே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கிறது. எரிச்சல், ஷாக் அடித்த மாதிரி வெட்டு, எறும்பு ஊர்வது, போர்வை பட்டாலே தாங்காதது, இதெல்லாம் அதன் அடையாளம்.

இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம், இவர்தான் ரொம்பப் படுத்துகிறார்’ என்று சொல்லாதீர்கள். ஸ்கேன் எலும்பையும் டிஸ்க்கையும் காட்டும். வலியைக் காட்டாது. வலியோடு சேர்த்து, தன்னை யாரும் நம்பவில்லை என்பதையும் சுமக்கிற நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சுமை சில சமயம் முதலாவதைவிடக் கனம்.

கருவிக்கு வருவோம். தண்டுவடத் தூண்டல் கருவி, ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர். மின்சாரத்தால் வலியைக் குறைக்கும் யோசனை பழையது. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தலைவலிக்கும் கௌட் வலிக்கும் ஷாக் அடிக்கும் திருக்கை மீனை வைக்கச் சொன்னார். விஞ்ஞானமாக இது தொடங்கியது 1965ல். ரொனால்டு மெல்சாக் என்ற கனடா உளவியலாளரும், பாட்ரிக் வால் என்ற பிரிட்டிஷ் நரம்பியலாளரும் ‘கேட் கன்ட்ரோல்’ கொள்கையை வெளியிட்டார்கள். முழங்கை கதவில் இடித்தால் உடனே தேய்க்கிறோம் அல்லவா? தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்தால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்து வாசலிலேயே மட்டுப்படுகிறது என்றார்கள். அந்தக் கொள்கையில் பிற்பாடு நிறையத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அதைப் படித்து, இரண்டே வருடத்தில், 1967ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மன் ஷீலி என்ற நரம்பு அறுவை நிபுணர், புற்றுநோய் வலியில் இருந்த ஒருவருக்கு முதல் கருவியைப் பொருத்தினார். ஆக, இது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை.

பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டு மெல்லிய குழாய் விடுவோமே, அதே இடைவெளிக்குள் நூடுல்ஸ் தடிமனில் ஒரு கம்பியோ இரண்டு கம்பியோ செலுத்துகிறோம். நுனியில் வழக்கமாக எட்டு மின்முனைகள். தண்டுவடத்தைத் தொடாது, அதன் உறைக்கு வெளியே படுத்திருக்கும். கால் வலிக்கும் கீழ் முதுகு வலிக்கும் கம்பியின் நுனி பெரும்பாலும் நடுமுதுகில், எட்டாவது ஒன்பதாவது மார்பு முள்ளெலும்பு உயரத்தில் நிற்கும். பேட்டரிப் பெட்டி பிட்டத்துக்கு மேலே, பர்ஸ் வைக்கும் பாக்கெட்டுக்குச் சற்று உயரத்தில், தோலுக்கு அடியில். பேஸ்மேக்கரைப் பார்த்தவர்களுக்கு அந்த மாதிரி என்றால் புரியும். கையில் ரிமோட் இருக்கும்.

பழைய முறையில் வலி இருந்த இடத்தில் ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு தெரியும். சிலருக்கு அது இதம், சிலருக்கு எரிச்சல். புதிய முறைகளில், விநாடிக்கு 10,000 துடிப்பு கொடுப்பதும், கொத்துக் கொத்தாகத் துடிப்பு கொடுப்பதும் உண்டு. அவற்றில் அதிர்வு தெரியாது.

என் ஃபயர் அலாரம் உதாரணத்தில் சொன்னால், இந்தக் கருவி ஈர வயரை மாற்றுவதில்லை. அலாரம் பேனலில் சத்தத்தைக் குறைக்கிறது. எனவே நரம்பு குணமாகாது. கருவியை நிறுத்தினால் வலி திரும்பும்.

எவ்வளவு குறைக்கிறது? இங்கேதான் விற்பனைக் கையேட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் தூரம். இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

2007ல் வெளியான ‘புராசஸ்’ என்ற ஆய்வு. முதுகு அறுவைக்குப் பின் முக்கியமாகக் கால் வலியில் இருந்த 100 பேர். பாதிப் பேருக்குக் கருவியும் மருந்தும், மீதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஆறு மாதத்தில், கால் வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் கருவிப் பக்கத்தில் 48 சதவீதம், மற்றப் பக்கத்தில் 9 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் அந்த 48ஐத் திருப்பிப் படியுங்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. ஒரு வருடத்துக்குள் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கருவி சம்பந்தமான ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. ஆய்வுக்கு நிதி கொடுத்தது கருவி தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்தக் கருவியை அனுமதித்தபோது நிபந்தனையோடுதான் அனுமதித்தது: நரம்பு வலியாக இருக்க வேண்டும், முறையான சிகிச்சைக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்துப் பலன் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம். 2022ல் நார்வேயில் ஒரு கெட்டிக்கார ஆய்வு செய்தார்கள். அதிர்வு தெரியாத கொத்துத் துடிப்பு முறை என்பதால், கருவி ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்கே தெரியாது. 50 பேருக்குக் கருவியைப் பொருத்தி, சில மாதம் ஓடவிட்டு, சில மாதம் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்திவைத்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் இரண்டு காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. கொடுத்த மின்துடிப்பின் அமைப்பு சரியில்லை என்று பலர் எதிர்த்து எழுதினார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2023ல் காக்ரேன் அமைப்பு, கீழ் முதுகு வலிக்கான 13 ஆய்வுகளை, மொத்தம் 699 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்து, நீண்ட காலப் பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் வைக்கவே கூடாதா? என் கருத்தைச் சொல்கிறேன், கருத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகைவிடக் கால் வலி அதிகம், அது தெளிவாக நரம்பு வலி, மறுபடி அறுவை செய்யக் காரணம் ஏதும் ஸ்கேனில் இல்லை, மருந்தும் பிசியோதெரபியும் ஒழுங்காகச் செய்து பார்த்தாயிற்று, வாழ்க்கை முடங்கியிருக்கிறது என்றால் யோசிக்கலாம். வெறும் முதுகு வலிக்கு, ‘புதுசா வந்திருக்கு, வெச்சுப் பாருங்க’ என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். ‘மருந்து செய்து பார்த்தாயிற்று’ என்பதிலும் ஒரு குறுக்குக் கேள்வி கேட்பேன். நரம்பு வலி மாத்திரைகளான பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சரியான அளவில் ஆறேழு வாரமாவது சாப்பிட்டார்களா, அல்லது நாலு நாளில் தூக்கம் வருகிறது என்று நிறுத்திவிட்டு டைக்ளோஃபெனாக்கை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாங்கிப் போட்டார்களா? பாதிக்கு மேல் இரண்டாவது வகைதான். நரம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் பெரிதாக உதவாது. சிறுநீரகத்தை மட்டும் கெடுக்கும்.

ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. முதலில் தற்காலிகச் சோதனை, ட்ரயல். அதைச் செய்யாமல் நேராக நிரந்தரக் கருவி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020ல் மருத்துவர்களுக்கு எழுதிய கடிதத்திலும் இதைத்தான் வலியுறுத்தியது.

ட்ரயல் எப்படி? குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கம்பியை உள்ளே செலுத்துவோம். முழு மயக்கம் பெரும்பாலும் கொடுக்க மாட்டோம். கம்பியின் மறுமுனை முதுகில் வெளியே வந்து, பெல்ட்டில் மாட்டிய சிறு பெட்டியில் சேரும். அதோடு வீட்டுக்குப் போகலாம். ஐந்து நாள், ஏழு நாள், சில இடங்களில் அதற்கும் மேல். பிறகு கம்பியை உருவிவிடுவோம். அது பெரிய வேலை இல்லை.

அந்த ஒரு வாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறையப் பேர் ‘முதுகில் கம்பி இருக்கிறது’ என்று பயந்து கட்டிலிலேயே இருந்துவிடுகிறார்கள். படுத்திருந்தால் யாருக்கும்தான் வலி குறையும்! பதிலாக, ட்ரயலுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே ஒரு பழைய டைரியில் எழுத ஆரம்பியுங்கள். கேட்டிலிருந்து பிள்ளையார் சன்னிதி வரை உட்காராமல் போக முடிந்ததா? டைனிங் டேபிளில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள்? இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள்? எத்தனை மாத்திரை? ட்ரயல் வாரத்திலும் அதையே எழுதுங்கள். இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக்கு எத்தனை வலி என்ற மதிப்பெண் மட்டும் போதாது, ஏனென்றால் பணம் கட்டி, நம்பிக்கை வைத்து, மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் ‘எப்படிப்பா இருக்கு’ என்று கேட்கும்போது எல்லாரும் ‘பரவாயில்லப்பா’ என்றுதான் சொல்வார்கள். கால்கள் நடந்த தூரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. வலி பாதியாவது குறைய வேண்டும், வேலையும் கூட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ட்ரயல் தோல்வி.

தோல்வி என்றால் தோல்விதான், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். என்னிடம் வந்த ஒருவர், லாரி ஷெட் வைத்திருந்தவர், ஏழாம் நாள் கம்பியை எடுக்கும்போது அழுதுவிட்டார். ‘இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க சார், நிரந்தரமா வெச்சா சரியாயிடும்’ என்றார். டைரியைக் காட்டினேன். முன்பு பத்து நிமிடம் நடந்தவர், ட்ரயலிலும் பத்து நிமிடம்தான். வைக்கவில்லை. அந்தப் பணம் அவர் பெண் படிப்புக்குப் போயிற்று. வலி சிகிச்சை வேறு வழியில் தொடர்ந்தது, மெதுவாக.

வெற்றி என்பது எப்படி இருக்கும் என்பதற்கும் ஒருவரைச் சொல்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர், இரண்டு அறுவை ஆனவர். வகுப்பில் நிற்க முடியாமல் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க இருந்தார். கருவி வைத்த பிறகு அவருடைய வலி ஏழிலிருந்து மூன்று, நான்குக்கு வந்தது. பூஜ்யத்துக்கு வரவில்லை. இரண்டு பீரியட் நிற்பார், ஒரு பீரியட் உட்கார்ந்து எடுப்பார். ஓய்வு பெறும் வயது வரை வேலை பார்த்தார். இதுதான் நல்ல பலன். இதைவிட அதிகமாக யாராவது வாக்குக் கொடுத்தால் ஜாக்கிரதை.

ட்ரயல் நாட்களில் குளியல் கிடையாது, துணி நனைத்துத் துடைத்துக்கொள்ளலாம். சென்னை மே மாதத்தில் வியர்வையில் பிளாஸ்திரி உரிந்துவிடும், கிருமி போகும். முடிந்தால் மார்கழி, தை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு முதலில் சர்க்கரை, பிறகுதான் இது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் வந்து படுக்கவும் கூடாது. அந்த இடத்தில் ரத்தம் கட்டினால் கால் செயலிழக்கலாம். அபூர்வம், ஆனால் நடக்கும்.

மனநல நிபுணரையும் பார்க்கச் சொல்வார்கள். ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வு சரியாகாமல் இருந்தால் எந்த வலி சிகிச்சையும் பாதிதான் பலிக்கும்.

நிரந்தரமாக வைத்த பிறகு முதல் ஆறு முதல் எட்டு வாரம் கண்டிப்பு. கம்பி தழும்போடு ஒட்டி நிலைப்பதற்குள் நகர்ந்துவிட்டால் பலன் போய்விடும், மறுபடி திறக்க வேண்டியிருக்கும். இந்தச் சிகிச்சையில் அதிகம் நடக்கும் சிக்கல் இதுதான். குனியக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் கொடுப்பார்கள். நம் வீட்டுக்கு அதன் அர்த்தம்: கோலம் போட வேண்டாம், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டாம், 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்க வேண்டாம், பரணிலிருந்து பாத்திரம் இறக்க வேண்டாம், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கர் மேல் குதிக்க வேண்டாம். கேனை மாற்றிக் கொடுக்க வாட்ச்மேனிடம் சொல்லிவிடலாம், அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்றைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். கருவி உள்ளவர்கள் பிசியோதெரபி சென்டரில் ‘ஹீட்’ வைத்துக்கொள்ளவே கூடாது, அதாவது ஷார்ட் வேவ் டயாதெர்மி. முதுகுக்கு மட்டுமில்லை, தோளுக்கு, முழங்காலுக்கு, எங்கேயும் கூடாது. அந்த அலை கம்பி வழியாகப் போய் மின்முனையில் சூடேற்றி, தண்டுவடத்தையே நிரந்தரமாகச் சேதப்படுத்தலாம். நம் ஊரில் தெருவுக்கு ஒரு பிசியோ சென்டர் இருக்கிறது. கழுத்து வலி என்று போனாலே ஹீட் வைத்துவிடுவார்கள். போய் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை, ‘எனக்கு உள்ளே ஸ்டிமுலேட்டர் இருக்கிறது.’ வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் இதே வார்த்தை. இப்போது வரும் பல கருவிகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் மாடலைப் பொறுத்து நிபந்தனை உண்டு. அடையாள அட்டை கொடுப்பார்கள். அதை பீரோவில் பத்திரப்படுத்தாமல் பர்ஸில் வையுங்கள்.

நேரம் ஆகிறது. கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஏ பிளாக் மாமி, மறுபடி ஆபரேஷன் செய்வது இதைவிட நல்லதில்லையா என்று கேட்கிறார்கள். திறக்க உறுதியான காரணம் இருந்தால், அதாவது புதிய டிஸ்க் துண்டு நரம்பை நசுக்குகிறது, ஸ்க்ரூ கழன்றிருக்கிறது, எலும்பு ஆடுகிறது என்றால், அறுவைதான். பாதம் தூக்க முடியாமல் தொங்குகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமலே போகிறது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்போது பேட்டரி பற்றிப் பேசக் கூடாது. அப்படிக் காரணம் எதுவும் இல்லாமல் ‘திறந்து பார்க்கலாம்’ என்றால், 2005ல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வு மறு அறுவையைவிடக் கருவிக்குத்தான் சாதகமாக இருந்தது.

பேட்டரி எத்தனை வருஷம்? சார்ஜ் செய்ய முடியாதது, உபயோகத்தைப் பொறுத்து, சில வருடம். தீர்ந்தால் பெட்டியை மாற்றச் சிறு ஆபரேஷன், மறுபடி செலவு. சார்ஜ் செய்வது பத்து வருடம் அளவுக்கு வரலாம். ஆனால் வாரத்தில் சில முறை உட்கார்ந்து தோல் மேல் சார்ஜரை வைக்க வேண்டும். செல்போனையே சார்ஜ் போட மறக்கிறவர்கள் யோசித்து வாங்குங்கள். செலவைப் பற்றி ஒரே ஒரு ஆலோசனை: முதல் பில்லை மட்டும் கேட்காதீர்கள். ட்ரயலுக்கு எவ்வளவு, அது தோற்றால் திரும்ப வருவது ஏதாவது உண்டா, கம்பி நகர்ந்தால் யார் செலவு, அடுத்த பேட்டரி எவ்வளவு என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். நம் ஊரில் கருவியின் அமைப்பை மாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் கம்பெனி ஊழியர்தான். அவர் எந்த ஊரில் இருக்கிறார், மூன்று வருடம் கழித்து யாரைக் கூப்பிடுவது என்பதையும் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி டி பிளாக் சார் கேட்டார். 2019ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நவீன சிகிச்சைகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. மூளைக்குள் வைக்கும் ஸ்டிமுலேட்டர் அதில் பெயரோடு இருக்கிறது, தண்டுவடத்துக்கானது இல்லை. அதனால் கம்பெனிக்குக் கம்பெனி பதில் மாறும். ஏஜெண்ட் போனில் ‘கிடைக்கும் சார்’ என்பது செல்லாது. அட்மிஷனுக்கு முன்பே முன்அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், ட்ரயலுக்குத் தனியாக, நிரந்தரக் கருவிக்குத் தனியாக.

மெட்ரோ ஸ்டேஷன் கேட், ஏர்போர்ட்? கேட்டைக் கடக்கும்போது கருவி ஒரு கணம் கூடவோ குறையவோ செய்யலாம். கார்டைக் காட்டி, கேட்டைத் தவிர்த்துக் கையால் சோதிக்கச் சொல்லலாம். வண்டி ஓட்டும்போது, அதிர்வு தெரியும் வகையாக இருந்தால், நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் அதிர்வு திடீரென்று கூடும், அந்த நேரம் கால் பிரேக்கில் இருக்கக் கூடும்.

என்னைக் கேட்ட மூன்று குடும்பத்துக்கும், வேறு யாருக்காவது வேண்டுமென்றாலும், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக அறையில் இருப்பேன். எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். முதல் ஆபரேஷன் எழுதிய குறிப்பு, அதற்கு முன் எடுத்த பழைய ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், நோயாளி, நான்கும் வேண்டும். நோயாளியை விட்டுவிட்டு ஃபைலோடு மட்டும் வருகிறவர்கள்தான் அதிகம்.